‘ஆபத்து 29% அதிகம்’ என்றால் எவ்வளவு? நோய், இறப்பு பற்றிய மருத்துவ ஆய்வுகளைப் படிக்கும் முறை

2002 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு பெரிய மருந்துச் சோதனை பாதியில் நிறுத்தப்பட்டது. மாதவிடாய் நின்ற 16,608 பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்கள் சேர்ந்த மாத்திரையும், இன்னொரு பிரிவுக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்துவந்தார்கள். சராசரியாக 5.2 ஆண்டுகள் ஆனபோது கணக்குப் பார்த்தார்கள். ஹார்மோன் பிரிவில் இதய ரத்தக்குழாய் நோய் 29 சதவீதமும் மார்பகப் புற்றுநோய் 26 சதவீதமும் பக்கவாதம் 41 சதவீதமும் அதிகம். நுரையீரலில் ரத்தக்கட்டி அடைப்பது இரண்டு மடங்குக்கும் மேல். உலகெங்கும் தலைப்புச் செய்தி ஆனது. லட்சக்கணக்கான பெண்கள் மாத்திரையைத் தூக்கிப் போட்டார்கள்.

அந்த முடிவுகளை வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலேயே இன்னொரு வரியும் இருந்தது: மொத்த இறப்பில் இரண்டு பிரிவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இதைத் தலைப்பில் போட்டவர்கள் குறைவு.

விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற அந்த ஆய்வையே இந்த வழிகாட்டி முழுக்கக் கையில் வைத்துக்கொள்ளப் போகிறோம். நல்ல ஆய்வு, எண்கள் வெளிப்படையாக இருக்கின்றன, தவறாகப் படிக்க வாய்ப்பும் நிறைய. புள்ளியியல் படித்திருக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்து வகுத்தல் கணக்கு போதும்.

படி 1: செய்தியை மூடிவிட்டு மூலக் கட்டுரையைத் திறங்கள்

செய்தியில் ஆய்விதழின் பெயரும் ஆய்வாளர் பெயரும் இருந்தால் பப்மெட் என்ற மருத்துவ ஆய்வுகளின் தேடுதளத்தில் தேடினாலே கிடைத்துவிடும். குறைந்தபட்சம் ஆய்வுச் சுருக்கத்தை இலவசமாகப் படிக்கலாம். பல கட்டுரைகள் முழுதாகவே கிடைக்கும். முதலில் மூன்று விஷயம் பாருங்கள். ஆய்வு மனிதர்களிடம் நடந்ததா, எலிகளிடமா? சக ஆய்வாளர்கள் சரிபார்த்து வெளியானதா, அல்லது முன்பதிப்பு மட்டும்தானா? பணம் போட்டது யார்? எலி ஆய்வு என்றால் இங்கேயே நிறுத்திவிடலாம். உங்கள் ஆயுளைப் பற்றி அது இன்னும் எதுவும் சொல்லவில்லை.

கட்டுரை கிடைத்ததும் எல்லோரும் கடைசியில் உள்ள முடிவுரைக்கு ஓடுவார்கள். நான் அட்டவணைகளிலிருந்து தொடங்குவேன். முடிவுரையில் ஆய்வாளர்களின் ஆசையும் கொஞ்சம் கலந்திருக்கும்.

படி 2: எதை எண்ணினார்கள்?

ஒரு மருந்து ரத்தத்தில் ஏதோ ஒரு எண்ணைக் குறைக்கிறது என்பது வேறு. அதைச் சாப்பிட்டவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்பது வேறு. இரண்டும் ஒன்றுதான் என்று மருத்துவ உலகம் நம்பி ஏமாந்த கதைக்குப் பெயர் காஸ்ட் சோதனை. மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்கு இதயத் துடிப்பில் இடையிடையே தாளம் தவறும். அப்படித் தவறுகிறவர்கள் சாகும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்திருந்தது. தாளத்தைச் சரிசெய்யும் மருந்துகளும் இருந்தன. மருத்துவர்களும் தாராளமாக எழுதிக் கொடுத்தார்கள். 1980-களின் இறுதியில் முறைப்படி சோதித்தபோது, என்கெய்னைடு அல்லது ஃபிளெகெய்னைடு என்ற அந்தத் தாள மருந்துகளை எடுத்த 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். போலி மாத்திரை எடுத்த 743 பேரில் இறந்தது 26 பேர். மருந்து துடிப்பைச் சரிசெய்தது உண்மை, ஆளைக் கொன்றதும் உண்மை.

அதனால் ‘முதன்மை விளைவு’ என்று கட்டுரை எதைக் குறிக்கிறது என்று பாருங்கள். ரத்தப் பரிசோதனை எண்ணா, நோயா, மருத்துவமனையில் சேர்ந்ததா, இறப்பா? பலவற்றை ஒரே மூட்டையாகக் கட்டி ‘மாரடைப்பு அல்லது பக்கவாதம் அல்லது மருத்துவமனை அனுமதி அல்லது இறப்பு’ என்று எண்ணியிருந்தால், மூட்டையைப் பிரித்துப் பாருங்கள். பல நேரம் குறைந்திருப்பது மருத்துவமனை அனுமதி மட்டுமாக இருக்கும்.

இறப்பிலும் இரண்டு வகை உண்டு. ‘இதய நோயால் இறப்பு’ என்று எண்ணினால், எந்தச் சாவு இதயத்தால் நேர்ந்தது என்று யாரோ ஒருவர் முடிவு செய்ய வேண்டும். இறப்புச் சான்றிதழில் அடிப்படைக் காரணமாக எழுதப்படுவது எப்போதும் சரியாக இருப்பதில்லை. நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, இதயச் செயலிழப்பு மூன்றும் உள்ள 80 வயதுக்காரர் நிமோனியா வந்து இறந்தால் எதன் கணக்கில் எழுதுவது? ‘எல்லாக் காரணங்களாலும் இறப்பு’ என்று எண்ணினால் இந்தத் தகராறு இல்லை. ஆள் இருக்கிறாரா இல்லையா, அவ்வளவுதான். ஒரு நோயைக் குறைத்து இன்னொன்றைக் கூட்டும் சிகிச்சையும் அந்த எண்ணில் மாட்டிக்கொள்ளும்.

படி 3: வகுத்தலின் கீழ் எண்ணைக் கண்டுபிடியுங்கள்

இறப்பு விகிதம் என்பது ஒரு பின்னம். மேலே இறந்தவர்கள். கீழே யார்? இதில்தான் பாதிக் குழப்பமும்.

ஒரு நோயால் இறந்தவர்களை ஊரின் மொத்த மக்கள்தொகையால் வகுத்தால் அது இறப்பு விகிதம். நோய் கண்டறியப்பட்டவர்களால் வகுத்தால் நோயாளிகளிடையே இறப்பு வீதம். தொற்று நோயில், பரிசோதனையே செய்துகொள்ளாத லேசான தொற்றுகளையும் மதிப்பிட்டுச் சேர்த்து வகுத்தால் எண் இன்னும் சிறிதாகும். ஒரே நோய், ஒரே இறப்புகள், மூன்று வெவ்வேறு எண்கள். ஒன்றை எடுத்து இன்னொரு நோயின் வேறு வகை எண்ணோடு ஒப்பிட்டுப் பேசுவதுதான் கோவிட் காலத்தில் நாள்தோறும் நடந்தது.

பெரியவர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1863-இல் வெளியிட்ட ஓர் அட்டவணைப்படி லண்டனின் 24 மருத்துவமனைகளில் இறப்பு விகிதம் 90 சதவீதத்துக்கும் மேல். உள்ளே போனால் பத்தில் ஒன்பது பேர் திரும்ப மாட்டார்கள் என்று அர்த்தமாகிறது. உண்மையில் ஓர் ஆண்டு முழுக்க இறந்தவர்களை, 1861-இல் குறிப்பிட்ட ஒரே நாளில் படுக்கையில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கையால் வகுத்திருந்தார்கள். அந்த ஆண்டு முழுக்க வந்துபோன நோயாளிகளால் வகுத்திருந்தால் விகிதம் எங்கேயோ கீழே இருந்திருக்கும். அந்தக் காலத்து மருத்துவர்கள் கொதித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

கீழ் எண்ணில் வயதும் ஒளிந்திருக்கும். ஜப்பானில் ஆயிரம் பேருக்கு ஆண்டுதோறும் இறப்பவர்கள் இந்தியாவைவிட அதிகம். ஜப்பானியர்கள் ஆரோக்கியம் குறைந்தவர்களா? இல்லை, அங்கே முதியவர்கள் அதிகம். இரண்டு நாடுகளையோ இரண்டு காலங்களையோ ஒப்பிடும் எண்ணில் ‘வயது சமன் செய்யப்பட்டது’ என்ற குறிப்பு இல்லாவிட்டால் அந்த ஒப்பீட்டை நம்ப வேண்டாம்.

இந்தப் படியில் இன்னும் ஒன்று, புற்றுநோய்ச் செய்திகளில் அடிக்கடி வருவது: ஐந்தாண்டு உயிர்வாழ்வு வீதம். ஒருவர் எப்படியும் 70 வயதில் இறக்கப்போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அறிகுறி வந்து 67-இல் கண்டுபிடித்தால் மூன்று ஆண்டு வாழ்ந்தார், ஐந்தாண்டுக் கணக்கில் தோல்வி. பரிசோதனை முகாமில் 62-இலேயே கண்டுபிடித்தால் எட்டு ஆண்டு வாழ்ந்தார், கணக்கில் வெற்றி. இறந்தது அதே நாளில்தான். தென் கொரியாவில் தைராய்டு ஸ்கேன் பரவலானபின் தைராய்டு புற்றுநோய் கண்டறிதல் 1993-லிருந்து 2011-க்குள் 15 மடங்கானது. அந்த நோயால் இறப்பவர்கள் எண்ணிக்கை ஏறக்குறைய மாறவே இல்லை. தொந்தரவு தராமல் கிடந்த சிறு கட்டிகளைத் தோண்டி எடுத்துக் கணக்கில் சேர்த்ததால் உயிர்வாழ்வு வீதம் பிரமாதமாகத் தெரிந்தது. ஆகவே, பரிசோதனையால் பலன் உண்டா என்று பார்க்க உயிர்வாழ்வு வீதத்தை விட்டுவிட்டு, மக்கள்தொகையில் அந்த நோயின் இறப்பு விகிதம் குறைந்ததா என்று தேடுங்கள்.

படி 4: சதவீதத்தை ஆட்களாக மாற்றுங்கள்

ஒரே ஒரு படிதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

‘29 சதவீதம் அதிகம்’ என்பது எதைவிட 29 சதவீதம் என்று சொல்லாமல் பொருளே இல்லாத எண். ஹார்மோன் சோதனையின் எண்களை ஆட்களாகவே பார்ப்போம். பத்தாயிரம் பெண்களை ஓர் ஆண்டு கவனித்தால் எத்தனை பேருக்கு நோய் வருகிறது என்பது கணக்கு.

இதய ரத்தக்குழாய் நோய்: போலி மாத்திரையில் 30, ஹார்மோனில் 37.
பக்கவாதம்: 21, 29.
மார்பகப் புற்றுநோய்: 30, 38.
நுரையீரல் ரத்தக்கட்டி: 8, 16.
பெருங்குடல் புற்றுநோய்: 16, 10.
இடுப்பெலும்பு முறிவு: 15, 10.

நுரையீரல் ரத்தக்கட்டியைப் பாருங்கள். இரு மடங்கு என்று கேட்டால் கதிகலங்கும். கூடுதலாகப் பாதிக்கப்பட்டவர்கள் பத்தாயிரத்துக்கு 8 பேர். இதய நோயில் வெறும் 29 சதவீதம்தான் உயர்வு, ஆனால் கூடுதல் ஆட்கள் 7 பேர். சதவீதத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், ஆட்கணக்கில் கிட்டத்தட்ட ஒன்றே. முதலாவது அடிப்படையில் அரிதானது, இரண்டாவது அவ்வளவு அரிதல்ல. கடைசி இரண்டு வரிகளும் முக்கியம். கெடுதல் மட்டுமே செய்த மருந்தல்ல இது, சில நோய்களைக் குறைத்தும் இருக்கிறது.

இன்னொரு திருப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடுதல் 8 பேர் என்றால், 1,250 பெண்கள் ஓர் ஆண்டு சாப்பிட்டால் ஒருவருக்கு மாத்திரையால் ரத்தக்கட்டி வருகிறது. பத்தாயிரத்தை எட்டால் வகுத்தேன், அவ்வளவுதான். இப்படிச் சொன்னால் ஒரு மனிதர் தன் நிலைமையோடு பொருத்திப் பார்க்க முடிகிறது.

‘அப்படியானால் பயப்பட ஒன்றுமில்லை’ என்று உடனே முடிவு கட்டவும் வேண்டாம். மேலே உள்ளவை ஓர் ஆண்டுக் கணக்கு. அதே வேகம் நீடித்தால் பத்து ஆண்டில் பத்தாயிரத்துக்கு 80, அதாவது ஆயிரத்துக்கு 8. அந்த மாத்திரையை லட்சக்கணக்கான பெண்கள் எடுத்தார்கள். தனி ஆளுக்குச் சிறியது, நாட்டுக்குப் பெரியது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

சதவீதத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு 1995 அக்டோபரில் பிரிட்டனில் நடந்தது நல்ல பாடம். சில புதிய கருத்தடை மாத்திரைகள் ரத்தக்கட்டி ஆபத்தை இரட்டிப்பாக்குகின்றன என்று அரசுத் தரப்பிலிருந்து எச்சரிக்கை வந்தது. ஏழாயிரம் பெண்களில் ஒருவருக்கு இருந்தது இரண்டு பேராகியிருந்தது. இரட்டிப்புதான், பொய்யில்லை. பயந்து பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாக மதிப்பிட்டார்கள். வேதனை என்னவென்றால், ரத்தக்கட்டி ஆபத்தை அந்த மாத்திரைகளைவிட அதிகமாகக் கூட்டுவது கர்ப்பமே.

கட்டுரையில் அடிப்படை எண் இல்லை என்றால்? வெளியே தேடுங்கள். பதப்படுத்திய இறைச்சி நாளொன்றுக்கு 50 கிராம் கூடினால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18 சதவீதம் கூடுகிறது என்று 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சொன்னது. பிரிட்டனில் வாழ்நாளில் ஆயிரம் பேரில் சுமார் 61 பேருக்கு அந்தப் புற்றுநோய் வரும் என்பது அப்போதைய கணக்கு. மிகக் குறைவாகச் சாப்பிடுகிறவர்களில் 56, மிக அதிகமாகச் சாப்பிடுகிறவர்களில் 66. ஆயிரத்துக்குப் பத்துப் பேர் வித்தியாசம். ஒருவர் இதைக் கேட்டுவிட்டு நிறுத்தலாம், இன்னொருவர் தொடரலாம். இரண்டு பேருமே விவரம் தெரிந்து முடிவெடுத்தவர்கள்.

சிறு எச்சரிக்கை: சில கட்டுரைகள் ‘ஆட்ஸ் ரேஷியோ’ என்ற எண்ணைத் தரும். ஒவ்வொரு பிரிவிலும் நோய் வந்தவர்களை வராதவர்களால் வகுத்து, அந்த இரண்டு விடைகளை ஒன்றால் ஒன்றை வகுத்தால் வருவது அது. நோய் அரிதாக இருந்தால் அதை ‘இத்தனை மடங்கு’ என்று படிப்பதில் பிழையில்லை. நோய் பரவலானது என்றால் அது மிகைப்படுத்தும். ஒரு பிரிவில் நூற்றுக்கு 60, இன்னொன்றில் 40 என்றால் உண்மையில் ஒன்றரை மடங்கு. ஆட்ஸ் ரேஷியோவோ 2.25 என்று வரும்.

படி 5: யாரை யாரோடு ஒப்பிட்டார்கள்?

ஆய்வு வகைகள் நிறைய இருந்தாலும் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். புகைபிடித்தலின் கதையிலேயே இரண்டு வந்துவிடும்.

1950-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ரிச்சர்ட் டாலும் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில்லும் நுரையீரல் புற்றுநோயாளிகளையும், வேறு நோய்களுக்காக மருத்துவமனையில் இருந்தவர்களையும் விசாரித்தார்கள். புற்றுநோய் வந்த 649 ஆண்களில் புகைபிடிக்காதவர்கள் 2 பேர். வராத 649 ஆண்களில் 27 பேர். நோய் வந்தவர்களிடமிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போகும் ஆய்வு இது. அரிய நோய்களுக்கு விரைவான வழி. குறை என்னவென்றால், நோய் வந்தவர் தன் கடந்த காலத்தைத் துருவித் துருவி நினைவுகூர்வார், வராதவர் மறந்திருப்பார்.

அதனால் 1951-இல் அவர்கள் முன்னோக்கிப் போனார்கள். பிரிட்டிஷ் மருத்துவர்களிடம் புகைபிடிக்கும் பழக்கத்தைக் கேட்டு எழுதிவைத்துக்கொண்டு, யார் எப்போது எதனால் இறக்கிறார்கள் என்று ஐம்பது ஆண்டுகள் காத்திருந்து பார்த்தார்கள். 2004-இல் வந்த முடிவு: விடாமல் புகைத்தவர்கள் சராசரியாகச் சுமார் 10 ஆண்டு முன்னதாக இறந்தார்கள். 60 வயதில் விட்டவர்களுக்குச் சுமார் 3 ஆண்டும், 50-இல் விட்டவர்களுக்கு 6, 40-இல் 9, 30-இல் விட்டவர்களுக்கு ஏறக்குறைய பத்து ஆண்டும் திரும்பக் கிடைத்தன. ஆபத்தை ஆண்டுக் கணக்கில் சொல்வது எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள். எல்லா ஆய்வாளர்களும் இப்படிச் சொன்னால் நான்காம் படிக்கே வேலையிருக்காது.

மூன்றாவது வகை, குலுக்கல் முறையில் பிரித்துச் செய்யும் சோதனை. ஹார்மோன் ஆய்வு அப்படிப்பட்டது. யாருக்கு எந்த மாத்திரை என்பதை அந்தப் பெண்ணோ மருத்துவரோ தீர்மானிக்கவில்லை. அது ஏன் அவ்வளவு முக்கியம் என்பது அடுத்த படியில்.

படி 6: இடையில் புகுந்த மூன்றாவது ஆளைத் தேடுங்கள்

2002-க்கு முன்பு ஹார்மோன் மாத்திரைக்கு நல்ல பெயர். ஆயிரக்கணக்கான செவிலியர்களைப் பல ஆண்டு தொடர்ந்து கவனித்தது உட்படப் பல ஆய்வுகளில், மாத்திரை எடுத்த பெண்களுக்கு இதய நோய் சுமார் 40 முதல் 50 சதவீதம் வரை குறைவாக இருந்தது. அதே வகை மாத்திரையைக் குலுக்கல் முறையில் சோதித்தபோது 29 சதவீதம் அதிகம். எப்படி இப்படித் தலைகீழாக மாறும்?

ஒரு காரணம், மாத்திரையைத் தாங்களாகத் தேர்ந்தெடுத்த பெண்கள் சராசரியாக வசதியானவர்கள், அதிகம் படித்தவர்கள், உடல் எடை குறைந்தவர்கள், உடற்பயிற்சி செய்பவர்கள், மருத்துவரை முறையாகப் பார்ப்பவர்கள். அவர்கள் இதயம் நன்றாக இருந்ததற்கு மாத்திரையே தேவையில்லை. குலுக்கல் இந்த வித்தியாசத்தை அழித்துவிடுகிறது. வசதியும் படிப்பும் பழக்கமும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்துவிடும், நாம் அளக்கவே தெரியாத காரணிகளும்கூட. இன்னொரு காரணம் வயது. சோதனையில் இருந்தவர்களின் சராசரி வயது 63, பழைய ஆய்வுகளில் பலர் மாதவிடாய் நின்ற சில ஆண்டுகளிலேயே தொடங்கியவர்கள். இதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

‘வயது, எடை, புகைப்பழக்கம் ஆகியவற்றுக்குச் சமன் செய்தோம்’ என்று கட்டுரைகள் எழுதும். நல்லது, செய்யத்தான் வேண்டும். ஆனால் அளந்ததைத்தான் சமன் செய்ய முடியும். அமெரிக்காவில் முதியவர்களிடம் 2006-இல் வெளியான ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. ஃப்ளூ தடுப்பூசி போட்டவர்களின் இறப்பு குறைவாக இருந்தது, எதிர்பார்த்ததுதான். ஆனால் ஃப்ளூ பரவும் பருவம் தொடங்குவதற்கு முன்பே குறைவாக இருந்தது! வராத கிருமியிடமிருந்து ஊசி யாரையும் காப்பாற்றியிருக்க முடியாது. நடக்க முடிந்த, உடல் தேறிய முதியவர்களே ஊசி போட வந்திருந்தார்கள். தடுப்பூசி வீண் என்று இதற்கு அர்த்தமில்லை, அதன் பலனைப் பழைய ஆய்வுகள் கூட்டிச் சொல்லியிருந்தன என்றுதான் அர்த்தம்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு பொறிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஒன்று, காரணமும் விளைவும் இடம் மாறுவது. மதுவே தொடாதவர்களைவிட அளவோடு குடிப்பவர்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்று பல ஆய்வுகள் வந்தன. ‘குடிக்காதவர்கள்’ பட்டியலில், உடம்பு கெட்டதால் குடியை விட்டவர்களும் சேர்ந்திருந்தார்கள். முதியவர்களில் எடை குறைந்தவர்களும் ரத்தக் கொழுப்பு குறைந்தவர்களும் அதிகம் இறப்பதாகத் தெரிவதிலும் இந்தச் சிக்கல் உண்டு, உள்ளே வளரும் நோயே இரண்டையும் குறைத்திருக்கலாம். நல்ல கட்டுரை என்றால் முதல் சில ஆண்டுகளில் இறந்தவர்களை நீக்கிவிட்டும் ஒருமுறை கணக்குப் போட்டுக் காட்டியிருக்கும். அதைத் தேடுங்கள்.

இன்னொன்று, சாகவே முடியாத காலம். ஆஸ்கர் விருது வென்ற நடிகர்கள் மற்றவர்களைவிட 3.9 ஆண்டுகள் அதிகம் வாழ்கிறார்கள் என்று 2001-இல் ஓர் ஆய்வு வந்தது. கௌரவம் ஆயுளைக் கூட்டுகிறது என்று எல்லோரும் எழுதினார்கள். 65 வயதில் வென்றவர் 65 வயது வரை உயிரோடு இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வென்றிருக்க முடியாது. அந்த 65 ஆண்டையும் ‘வெற்றியாளர்’ கணக்கில் சேர்த்ததுதான் கோளாறு. 2006-இல் வேறொரு குழு திருத்திக் கணக்கிட்டபோது வித்தியாசம் ஏறக்குறைய ஓர் ஆண்டாகச் சுருங்கியது, அதுவும் தற்செயலாக இருக்கக்கூடிய அளவு. ‘ஐந்து ஆண்டு மருந்து சாப்பிட்டவர்கள் குறைவாக இறந்தார்கள்’ என்று எங்கே பார்த்தாலும் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டு சாப்பிட ஐந்து ஆண்டு உயிரோடு இருக்க வேண்டும்.

படி 7: அடைப்புக்குறிக்குள் உள்ள எண்களையும் படியுங்கள்

ஹார்மோன் கட்டுரையில் இதய நோய்க்கு 1.29 (அதாவது 1.29 மடங்கு, 29 சதவீதம் அதிகம்) என்ற எண்ணின் பக்கத்தில் 1.02 முதல் 1.63 வரை என்று இருக்கும். கிடைத்த தரவுக்குப் பொருந்தக்கூடிய உண்மை விளைவுகளின் எல்லை அது. 2 சதவீத உயர்வும் பொருந்தும், 63 சதவீத உயர்வும் பொருந்தும். 29 என்பது நடுவில் உள்ள சிறந்த ஊகம். எல்லைக்குள் 1 வந்துவிட்டால், வித்தியாசமே இல்லை என்பதும் பொருந்தும் என்று அர்த்தம். மார்பகப் புற்றுநோய்க்கு 1.00 முதல் 1.59. வாசற்படியில் நிற்கிறது.

மொத்த இறப்புக்கு 0.98, எல்லை 0.82 முதல் 1.18. ‘மாத்திரையால் இறப்பு கூடவில்லை’ என்று இதைச் சொல்வது கொஞ்சம் அவசரம். 18 சதவீதம் குறைந்திருக்கலாம், 18 சதவீதம் கூடியிருக்கலாம், இந்த அளவு ஆய்வால் இதற்குமேல் சொல்ல முடியாது என்பதே சரி.

அப்புறம், துணைக்குழுக்கள். ‘மொத்தத்தில் பலனில்லை, ஆனால் 55 வயதுக்கு மேற்பட்ட நீரிழிவுள்ள ஆண்களுக்குப் பலன் உண்டு’ போன்ற வரிகள். மக்களை வெட்டி வெட்டிப் பார்த்தால் ஏதோ ஒரு துண்டில் தற்செயலாக எதாவது தென்படும். மாரடைப்பின்போது ஆஸ்பிரின் கொடுப்பது ஒரு மாதத்தில் ரத்தக்குழாய் சார்ந்த இறப்பைச் சுமார் 23 சதவீதம் குறைக்கிறது என்று 17,187 பேரிடம் நடந்த ஐசிஸ்-2 சோதனை 1988-இல் காட்டியது. துணைக்குழு முடிவுகளை அப்படியே நம்பக் கூடாது என்று காட்டுவதற்காக, அந்த ஆய்வாளர்கள் நோயாளிகளை ராசிவாரியாகவும் பிரித்துப் போட்டார்கள். மிதுன ராசிக்கும் துலாம் ராசிக்கும் ஆஸ்பிரின் சற்றுக் கெடுதல் என்று வந்தது. மற்ற ராசிக்காரர்களுக்கு அமோக பலன்!

படி 8: தொடர்பா, காரணமா?

ஒற்றை ஆய்வை வைத்து முடிவு கட்ட முடியாது. 1965-இல் பிராட்ஃபோர்டு ஹில் ஒன்பது கோணங்களைச் சொன்னார். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், நான் பெரும்பாலும் நான்கைத்தான் பார்ப்பேன். காரணம் விளைவுக்கு முன்னால் வந்ததா? அளவு கூடக் கூட ஆபத்தும் படிப்படியாகக் கூடுகிறதா? வேறு ஊர்களில், வேறு முறைகளில் செய்த ஆய்வுகளிலும் அதே பதில் வருகிறதா? காரணியை நீக்கினால் (நன்மை தருவது என்றால், சேர்த்தால்) ஆபத்து குறைகிறதா? புகைபிடித்தல் நான்கிலும் தேறும்.

கேரட் போன்றவற்றில் உள்ள பீட்டா கரோட்டின் என்ற சத்து நான்காவதில் விழுந்தது. காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு, ரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகம் உள்ளவர்களுக்கு, நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று ஆய்வுக்குமேல் ஆய்வு சொன்னது. சரி, மாத்திரையாகவே கொடுப்போம் என்று ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் சோதித்தார்கள். 1994-இல் முடிவு வந்தது. மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம்.

இந்த இடத்தில் இன்னொரு குழப்பமும் தீர வேண்டும். பதப்படுத்திய இறைச்சியும் புகையிலையும் புற்றுநோய் முகமையின் ஒரே முதல் பிரிவில் இருக்கின்றன. உடனே ‘இரண்டும் ஒரே அளவு ஆபத்து’ என்று பரவியது. அந்தப் பிரிவு, புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்கான சான்று எவ்வளவு உறுதி என்பதைச் சொல்கிறது. எவ்வளவு பேருக்கு உண்டாக்கும் என்பதை அது சொல்வதே இல்லை.

படி 9: உங்களுக்குப் பொருந்துமா?

ஆய்வின் முதல் அட்டவணையில் பங்கேற்றவர்களின் வயது, பாலினம், மற்ற நோய்கள் இருக்கும். அதில் உங்களைப் போன்றவர் இருக்கிறாரா? ஹார்மோன் சோதனையில் 50 முதல் 79 வயது வரை இருந்தார்கள். மாதவிடாய் நின்று பத்தாண்டுக்குள் உள்ள இளைய பெண்களைத் தனியாகப் பின்னர் ஆராய்ந்தபோது இதய ஆபத்து அவ்வளவாகத் தெரியவில்லை. துணைக்குழு என்பதால் இதையும் நிதானமாகத்தான் எடுக்க வேண்டும், ஆனால் வேறு ஆய்வுகளும் அதே திசையில் சென்றதால் இன்று மருத்துவர்கள் வயதைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். 70 வயதில் புதிதாகத் தொடங்குவதும், 51 வயதில் கடும் உடல் வெப்பத் தொல்லைக்காகச் சில ஆண்டுகள் எடுப்பதும் ஒரே கேள்வியல்ல.

‘மாரடைப்பில் 90 சதவீதத்துக்கு இந்தக் காரணிகளே காரணம்’ என்ற வகை வரிகளையும் இங்கே கவனிக்க வேண்டும். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004-இல் அப்படிச் சொன்னது: புகைபிடித்தல், ரத்தக் கொழுப்பு, உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, தொப்பை, மன அழுத்தம், காய்கறி பழம், மது, உடலுழைப்பு ஆகிய ஒன்பதும் சேர்ந்து ஆண்களில் 90 சதவீதம், பெண்களில் 94. இது கூட்டத்தைப் பற்றிய எண். ஒன்பதும் சரியாக உள்ள ஒருவருக்கு மாரடைப்பு வராது என்று இதிலிருந்து சொல்ல முடியாது. காரணி ஒவ்வொன்றின் பங்கையும் தனித்தனியாகக் கூட்டினால் நூறைத் தாண்டும். ஒரே மாரடைப்பில் புகையும் ரத்த அழுத்தமும் சேர்ந்தே வேலை செய்திருக்கும், இரண்டு கணக்கிலும் அது வரும்.

எந்த மருந்தையும் ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு நிறுத்தவோ தொடங்கவோ வேண்டாம். மருத்துவரிடம் போகும்போது கேட்க வேண்டியவை இவை: என்னைப் போன்ற நூறு பேரில் அடுத்த பத்து ஆண்டில் எத்தனை பேருக்கு இந்த நோய் வரும்? சிகிச்சை எடுத்தால் எத்தனை பேருக்கு வரும்? சிகிச்சையால் எத்தனை பேருக்குத் தொல்லை வரும்? ‘ஆபத்து பாதியாகக் குறையும்’ என்று பதில் வந்தால், எத்தனையிலிருந்து எத்தனைக்கு என்று மறுபடி கேளுங்கள்.

இணையத்தில் பத்தாண்டு இதய ஆபத்தைக் கணக்கிட்டுத் தரும் கருவிகள் இருக்கின்றன. பலவற்றுக்கு மூலம், 1948-இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் 5,209 பேரிடம் தொடங்கிய ஆய்வு. அந்த ஊர்க் கணக்கை அப்படியே ஸ்பெயினிலும் சீனாவிலும் போட்டபோது ஆபத்தை அதிகமாகக் காட்டியது, திருத்த வேண்டியிருந்தது. வேறு சில மக்களிடம் குறைவாகவும் காட்டலாம். உங்கள் ரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் தட்டுவதற்கு முன், அந்தக் கருவி எந்த நாட்டு மக்களுக்காகச் சரிசெய்யப்பட்டது என்று அதன் விளக்கப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.